வெள்ளம் வடிந்த வாடகை வீடு: சேற்றை அள்ளுவது யார், செலவை ஏற்பது யார்?

வெள்ளம் வடிந்த வீட்டில் இரண்டு வேலைகள் ஒன்றோடொன்று கலந்து கிடக்கின்றன. சேற்றையும் சாக்கடைக் கழிவையும் அகற்றிக் கழுவுவது ஒன்று. நீரில் ஊறிக் கெட்ட சுவர், மின்கம்பி, கதவு, குழாய் ஆகியவற்றைச் சரிசெய்வது மற்றொன்று. சொந்த வீட்டில் இருப்பவருக்கு இரண்டும் ஒரே கணக்கு. வாடகை வீட்டில் முதலாவது குடியிருப்பவரின் வேலை. இரண்டாவது உரிமையாளரின் பொறுப்பு. சட்டமும் ஏறக்குறைய இப்படித்தான் பிரிக்கிறது. நடைமுறையில் இந்தக் கோடு அழிந்துபோகிறது. குடியிருப்பவரே சேற்றை அள்ளுகிறார், எலெக்ட்ரீஷியனுக்குக் கூலி கொடுக்கிறார், அந்த மாத வாடகையையும் முழுதாகக் கட்டுகிறார். காலி செய்யும் நாளில், சுவரில் நீர் நின்ற தடத்தைக் காட்டி அட்வான்ஸிலும் பிடித்துக்கொள்கிறார்கள்.

சென்னையும் அதன் புறநகரும் இதைத் திரும்பத் திரும்பப் பார்த்துவிட்டன. 2015 டிசம்பர் 1, 2 தேதிகளில் அடையாறு கரைபுரண்டபோது வரதராஜபுரம், முடிச்சூர் தொடங்கி ஜாபர்கான்பேட்டை, சைதாப்பேட்டை, கோட்டூர்புரம் வரை தரைத்தள வீடுகள் மூழ்கின. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழை வேளச்சேரி, பள்ளிக்கரணைப் பகுதிகளில் பல நாட்கள் வடியாமல் நின்றது. அதே மாதம் 17, 18 தேதிகளில் தூத்துக்குடி, திருநெல்வேலி மாவட்டங்களின் முறை; காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. மழை கொட்டியது. இப்படித் தண்ணீர் ஏறும் தெருக்களில் கீழ்த்தளத்தில் இருப்பவர்கள் பலரும் வாடகைக்குக் குடியிருப்பவர்கள். அதற்குக் காரணம் உண்டு. கடன் வாங்கி மாடி எடுக்கும் உரிமையாளர் மேலே குடியேறுகிறார், கீழ்த்தளத்தை வாடகைக்கு விடுகிறார். பழைய தாரைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே மீண்டும் மீண்டும் சாலை போட்டதால் வாசற்படி தெருவை விடத் தாழ்ந்துபோன வீடுகள் நகரமெங்கும் இருக்கின்றன. அவற்றுக்கு வாடகை குறைவு. குறைந்த வாடகையைத் தேடி வருகிற குடும்பத்துக்கே வெள்ளத்தின் முதல் அடியும் விழுகிறது.

நீர் வடிந்தவுடன் உள்ளே போகும் அவசரத்தில்தான் உயிர் போகிறது. தெருவில் மின்சாரம் இல்லை என்பதை நம்பி வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது. இன்வெர்ட்டர் உள்ள வீட்டில் அதன் பேட்டரியிலிருந்து கம்பிகளுக்கு மின்சாரம் போய்க்கொண்டிருக்கலாம். நின்றுபோன மின்விநியோகம் சொல்லாமல் கொள்ளாமல் திரும்பி வரலாம். மெயின் சுவிட்சை அணைக்கத் தண்ணீரில் நின்றாக வேண்டும் என்றால் அதைத் தொடாமல் விட்டு, மின்வாரியத்திடம் சொல்லித் தெருமுனைப் பெட்டியிலேயே இணைப்பைத் துண்டிக்கச் செய்வதுதான் வழி. பல அடுக்குமாடிகளில் மீட்டர் பெட்டிகள் மாடிப்படிக்கு அடியில், வெள்ளம் முதலில் எட்டும் இடத்தில் இருக்கின்றன. அந்த அறையின் சாவி குடியிருப்பவரிடம் இருப்பதே இல்லை. மழைக்காலத்துக்கு முன்பே அந்தச் சாவி ஒன்றைக் கீழ்த்தளத்தில் இருப்பவரிடம் கொடுத்துவைப்பது செலவில்லாத காரியம். சமையல் எரிவாயு உருளை மிதந்து கவிழ்ந்திருந்தால் ரெகுலேட்டரையும் குழாயையும் ஏஜென்சி ஆள் பார்த்த பிறகே பற்றவைக்க வேண்டும். வாயு வாடை வந்தால் 1906 என்ற எண்ணை அழைக்கலாம். பீரோவின் அடியிலும் குளியலறை மூலையிலும் பாம்பு ஒதுங்கியிருக்கும். கையை விடுவதற்கு முன் ஒரு கோலால் தட்டிப் பார்க்க வேண்டும்.

துடைப்பத்தை எடுப்பதற்கு முன் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு, அதைத்தான் எல்லோரும் மறக்கிறார்கள். ஒவ்வொரு அறையையும் அது கிடக்கும் கோலத்திலேயே படம் எடுக்க வேண்டும். சுவரில் நீர் நின்ற கோடு, வீங்கிய கதவு, மூழ்கிய மீட்டர் பெட்டி, மிதந்த பிரிட்ஜ் எல்லாம் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் படங்களை உடனே உரிமையாளருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிட்டால், என்ன கெட்டது, எப்போது கெட்டது என்பதில் பிறகு வாதம் எழாது. காப்பீடு இருந்தால் இழப்பை மதிப்பிட வருபவர் கேட்பதும் இதைத்தான். வீட்டைப் பளபளவென்று கழுவிவிட்ட பிறகு சேதத்துக்குச் சாட்சி இருக்காது.

அடுத்தது சேறு. அது ஈரமாக இருக்கும்போதே வெளியேற வேண்டும். காய்ந்தால் தரையோடும் சுவரோடும் கட்டிப்போய் மண்வெட்டியால் சுரண்ட வேண்டிவரும். கெட்டிச் சேற்றை முதலில் அள்ளி எடுத்துவிட்டு, பிறகு நீரடித்து, உள்ளறையிலிருந்து வாசல் நோக்கி வைப்பரால் தள்ள வேண்டும். எல்லாவற்றையும் நீர் விட்டுக் கரைத்துக் கழிவறைக் குழியிலோ குளியலறை வடிகாலிலோ தள்ளுகிறவர்கள் குழாயை அடைத்துக்கொள்கிறார்கள், அதற்குப் பின் பிளம்பருக்கும் செலவழிக்கிறார்கள். சேற்றை அள்ளும் இந்த வேலை பெரும்பாலும் பெண்கள் மேல் விழுகிறது. அதிலும் வீட்டுவேலைக்குப் போகிறவர்களின் நிலை கொடியது: தங்கள் வாடகை அறையில் சேறு கிடக்க, வேலை செய்யும் வீடுகளில் முதலில் சேறு அள்ளப் போகிறார்கள். அந்த நாட்களுக்குத் தனிக்கூலி கேட்பது அவர்களுடைய உரிமை, கேட்காமலே கொடுப்பது மற்றவர்களின் கடமை.

சேறு போன பிறகே கிருமிநாசினிக்கு வேலை. அழுக்கின் மேல் தூவிய பிளீச்சிங் பவுடர் அழுக்கோடு வினைபுரிந்து வீணாகிறது. வாசலில் வெள்ளையாகக் கோலம்போல் தூவிவிட்டுப் போவதில் பயன் மிகக் குறைவு. தரையையும் சுவரின் கீழ்ப்பகுதியையும் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவிவிட்டு, பத்து லிட்டர் வாளிக்குச் சுமார் 150 கிராம் பவுடர் கரைத்து, கட்டி கீழே படிந்ததும் மேலே தெளியும் நீரைப் பூசி, பத்து இருபது நிமிடம் ஊறவிட்டுக் கழுவ வேண்டும். ஜன்னல்கள் திறந்திருக்க வேண்டும், கையுறை வேண்டும். கழிவறை கழுவும் ஆசிட்டையும் பிளீச்சிங் பவுடரையும் ஒன்றாக ஊற்றவே கூடாது. இரண்டும் கலந்தால் குளோரின் வாயு கிளம்பும்; மூடிய குளியலறையில் அது நுரையீரலைப் புண்ணாக்கும், மயங்கி விழச் செய்யும். சீக்கிரம் சுத்தமாக வேண்டும் என்ற ஆசையில் பலர் செய்கிற ஆபத்தான காரியம் இது.

தரைக்கடித் தொட்டியான சம்ப்புக்குள் வெள்ளநீர் இறங்கியிருந்தால் அதோடு கழிவுநீரும் இறங்கியிருக்கும் என்றே கொள்ள வேண்டும். பாதாளச் சாக்கடை எதிர்த்து வந்திருக்கும், செப்டிக் டேங்க் நிரம்பி வழிந்திருக்கும். முழுக்க இறைத்து, வண்டலை எடுத்து, சுவரைத் தேய்த்துக் கழுவி, மீண்டும் நிரப்பி, ஆயிரம் லிட்டருக்குச் சுமார் 150 கிராம் பிளீச்சிங் பவுடர் கரைத்து ஒருநாள் வைத்திருந்து, அந்த நீரைக் கொட்டிவிட்ட பிறகே புழங்கலாம். அன்றாடக் குளோரின் அளவு இதைவிட மிகக் குறைவு: ஆயிரம் லிட்டருக்கு 2.5 கிராம், ஒரு மணி நேரம். மொட்டைமாடித் தொட்டிக்கு நீர் ஏற்றும் மோட்டார் மூழ்கியிருந்தால் அதைக் கழற்றிக் காயவைத்துப் பரிசோதிக்க வேண்டும். சம்ப்பும் மோட்டாரும் எல்லாக் குடித்தனங்களுக்கும் பொது. அவற்றைச் சரிசெய்வது உரிமையாளரின் வேலை. கீழ்த்தளத்துக்காரர் வீட்டில் இருக்கிறார் என்பதற்காக அவர் தலையில் கட்டக் கூடாது.

வடசென்னைக்குத் தனியாக ஒரு துயரம் நேர்ந்தது. மிக்ஜாம் வெள்ளத்தில் மணலித் தொழிற்பகுதியிலிருந்து கசிந்த எண்ணெய், பக்கிங்ஹாம் கால்வாய் வழியாகக் கொசஸ்தலை ஆற்று முகத்துவாரம் வரை பரவி, எண்ணூர் சுற்றுவட்டாரத்தில் வீடுகளுக்குள்ளும் புகுந்தது. அந்தக் கறையைப் பிளீச்சிங் பவுடர் போக்காது. பாத்திரம் துலக்கும் சோப்புக் கரைசலால் பலமுறை தேய்க்க வேண்டும்; எண்ணெய் உறிஞ்சிய பூச்சைக் கொத்தி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூசாமல் பெயின்ட் ஒட்டாது. துடைத்த துணியும் சகதியும் எரிபொருளுக்குச் சமம், அவற்றை வீட்டருகே எரிக்கக் கூடாது. இது துப்புரவு வேலையே இல்லை, தொழிற்சாலைக் கழிவை அகற்றும் வேலை. அதை ஒரு குடும்பத்திடம் விட்டதே தவறு.

பொருள்களில் எதை வைத்துக்கொள்வது, எதை எறிவது என்பது பணத்தைப் பார்த்து எடுக்கும் முடிவாகிவிடுகிறது. ஆனால் சாக்கடை நீரில் ஊறிய இலவம்பஞ்சு மெத்தை, தலையணை, ஃபோம் சோபா ஆகியவற்றை வெயிலில் எத்தனை நாள் போட்டாலும் உள்ளே காயாது, கிருமியும் போகாது. அரிசி, பருப்பு, திறந்த மாவு, நீரில் கிடந்த மாத்திரைகள் எல்லாவற்றையும் விட்டுவிட வேண்டியதுதான். எவர்சில்வர் பாத்திரங்களைக் கொதிநீரில் போட்டெடுத்துப் புழங்கலாம். பிளைவுட், பார்ட்டிகிள் போர்டு அலமாரிகள் வீங்கிப் பிரிந்துவிடும். நல்ல மரக்கட்டில் நிழலில் மெதுவாகக் காய்ந்தால் பிழைக்கும். பிரிட்ஜ், வாஷிங் மெஷினை "ஒருமுறை போட்டுப் பார்ப்போம்" என்று இயக்குவதுதான் அவற்றைக் கொல்கிறது. மெக்கானிக் திறந்து காயவைக்கும் முன் பிளக்கைச் சொருகக் கூடாது. நனைந்த சான்றிதழ்களையும் பத்திரங்களையும் ஒவ்வொரு தாளாகப் பிரித்து, இடையே மை ஒட்டாத வெள்ளைத்தாள் வைத்து நிழலில் உலர்த்தலாம். 2015 வெள்ளத்துக்குப் பின் அரசு சிறப்பு முகாம்கள் நடத்திப் பட்டா, பள்ளிச் சான்றிதழ், ரேஷன் அட்டை போன்றவற்றின் நகல்களைக் கட்டணமின்றி வழங்கியது.

வேலை முடிந்த பிறகும் உடலைக் கவனிக்க வேண்டும். எலிச் சிறுநீர் கலந்த வெள்ளநீர், கால் வெடிப்பு வழியாகவும் சிராய்ப்பு வழியாகவும் எலிக்காய்ச்சலைக் கொண்டுவரும். அது பெரும்பாலும் ஒன்று, இரண்டு வாரங்கள் கழித்துத்தான் தெரியும். காய்ச்சலோடு கெண்டைக்கால் கடுத்து, கண் சிவந்தால் மருத்துவரிடம் போய், வெள்ளச் சேற்றில் வேலை செய்ததைச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அது சாதாரணக் காய்ச்சலாகவே பார்க்கப்படும். ஆணியோ கண்ணாடியோ குத்தியிருந்தால் டி.டி. ஊசி தேவைப்படலாம்.

எல்லாவற்றையும் விட நீண்ட நாள் எடுப்பது சுவர். செங்கல்லும் சிமென்ட் பூச்சும் தண்ணீரை மேல்நோக்கி இழுக்கும். ஆகவே இரண்டடி நீர் நின்ற வீட்டில் ஓதம் அதற்கும் மேலே ஏறியிருக்கும். ஒன்பது அங்குலச் சுவர் காய்வதற்குப் பல வாரங்கள், சில வீடுகளில் மாதங்கள்கூட ஆகும். வடகிழக்குப் பருவமழையின் ஈரக்காற்று வீசும் மார்கழியில் அது இன்னும் மெதுவாக நடக்கும். இந்த இடைவெளியில்தான் தவறு நடக்கிறது. வெளியே காய்ந்ததுபோல் தெரிந்ததும் பட்டி பார்த்து எமல்ஷன் அடித்துவிடுகிறார்கள். உள்ளே சிறைப்பட்ட ஈரம் பெயின்ட்டைக் கொப்புளமாகத் தள்ளும், உப்பு பூக்கும், மூலைகளில் கருப்பாகப் பூஞ்சை படரும். அதே அறையில் படுத்துறங்கும் குழந்தைக்கு இருமலும் வீசிங்கும் வந்தால் யாரும் சுவரைச் சந்தேகிப்பதில்லை. சுவர் காய்ந்ததா என்று பார்க்க எளிய வழி உண்டு. கைக்குட்டை அளவு பாலிதீன் தாளைச் சுவரில் நான்கு பக்கமும் டேப் போட்டு ஒட்டி, ஒருநாள் விட்டுப் பார்த்தால், உள்பக்கம் நீர்த்துளி அரும்பியிருந்தால் இன்னும் காயவில்லை. அதுவரை ஜன்னல்களைத் திறந்துவைத்து, மின்சாரம் பாதுகாப்பானது என்று உறுதியான பின் மின்விசிறியை ஓடவிட்டு, பீரோவையும் கட்டிலையும் சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளிப் போட வேண்டும். காய்ந்த பிறகும் முதல் பூச்சுக்குச் சுண்ணாம்பே நல்லது: அது ஈரத்தை வெளியே விடும், அதன் காரத்தன்மை பூஞ்சையை அண்டவிடாது.

இந்தச் செலவுகளை யார் ஏற்பது என்பதில் சட்டம் தெளிவாகவே பேசுகிறது. தமிழ்நாட்டில் வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017ஆம் ஆண்டுச் சட்டம் 2019 பிப்ரவரி 22 முதல் நடைமுறையில் இருக்கிறது. அதன் இரண்டாம் அட்டவணை பராமரிப்பைப் பிரித்துத் தருகிறது. கட்டட அமைப்பைப் பழுதுபார்ப்பது, சுவருக்கு வெள்ளையடிப்பது, கதவு ஜன்னல்களுக்கு வண்ணம் பூசுவது, தேவைப்படும்போது குழாய்களையும் மின்கம்பிகளையும் மாற்றுவது ஆகியவை உரிமையாளருக்கு. குழாய் வாஷர், சுவிட்ச், பிளக், தாழ்ப்பாள், ஜன்னல் கண்ணாடி, வடிகால் அடைப்பு போன்ற சில்லறை வேலைகள் குடியிருப்பவருக்கு. எழுத்து ஒப்பந்தத்தில் வேறுவிதமாக இருந்தால் அதுவே செல்லும். இந்த அளவுகோலில் பார்த்தால் வெள்ளத்துக்குப் பின் வரும் பெரிய செலவுகள் கிட்டத்தட்ட அனைத்தும் உரிமையாளர் பக்கம் சேர்கின்றன. அவர் செய்ய மறுத்தால் குடியிருப்பவர் தாமே செய்துவிட்டு வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஒரு மாதத்தில் கழிப்பது வாடகையில் பாதியைத் தாண்டக் கூடாது. பழுதுபார்க்காமல் வீடு குடியிருக்கவே லாயக்கற்றது, எழுத்தில் கேட்டும் உரிமையாளர் மறுக்கிறார் என்றால் 15 நாள் நோட்டீஸ் கொடுத்து வெளியேறவும் உரிமை உண்டு.

இதைவிடப் பழைய பாதுகாப்பும் இருக்கிறது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 108ஆவது பிரிவு, குடியிருப்பவர் வீட்டைப் பெற்ற நிலையிலேயே திருப்பித் தர வேண்டும் என்கிறது. கூடவே, இயல்பான தேய்மானத்தாலும் தடுக்க முடியாத சக்தியாலும் நேர்ந்த மாற்றங்களுக்கு விலக்கு அளிக்கிறது. வெள்ளம் தடுக்க முடியாத சக்தி இல்லையென்றால் வேறு எது? நீர்த்தடத்தையும் உப்பிய கதவையும் காட்டி அட்வான்ஸில் பிடிப்பதற்கு இந்தச் சொற்களுக்கு முன்னால் நியாயம் கிடையாது. காலி செய்யும்போது "பெயின்டிங்குக்கு" என்று ஒரு மாத வாடகையைப் பிடிக்கும் சென்னை வழக்கமும், வெள்ளையடிப்பதை உரிமையாளரிடம் வைத்திருக்கும் அட்டவணைக்கு முரணானது.

சட்டம் மௌனமாக இருக்கும் இடம் வாடகை. முழங்கால் நீரில் மூழ்கிய வீட்டைப் பூட்டிவிட்டு உறவினர் வீட்டில் தங்கிய நாட்களுக்கும் வாடகை கேட்கப்படுகிறது. சொத்து மாற்றுச் சட்டம், வெள்ளத்தால் வீட்டின் முக்கியப் பகுதி அழிந்தாலோ நிரந்தரமாகப் பயனற்றுப்போனாலோ குத்தகையை முறித்துக்கொள்ள அனுமதிக்கிறது. மூன்று வாரம் குடியிருக்க முடியாமல் போன வீட்டுக்கு அது பொருந்தாது. 2021 ஜூனில் மத்திய அமைச்சரவை ஒப்புதல் அளித்த மாதிரி வாடகைச் சட்டம் இந்த இடைவெளியை அடைத்தது: வெள்ளம், புயல் போன்ற பேரிடரால் வீடு குடியிருக்க முடியாமல் போனால், உரிமையாளர் அதைச் சீர்செய்து தரும்வரை வாடகை வாங்கக் கூடாது, சீர்செய்ய முடியாவிட்டால் முன்பணத்தைத் திருப்பித் தர வேண்டும். மாதிரிச் சட்டம் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாது. ஆண்டுதோறும் நவம்பர், டிசம்பரை அச்சத்தோடு கழிக்கும் தமிழ்நாடு அந்த ஒரு பிரிவையேனும் தன் சட்டத்தில் சேர்த்தே ஆக வேண்டும். உரிமையாளர் தரப்பிலும் நியாயம் இல்லாமல் இல்லை. ஓய்வூதியம் இல்லாமல் கீழ்த்தள வாடகையையே நம்பியிருக்கும் முதியவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு அந்த ஆண்டின் சொத்துவரியில் தள்ளுபடி கொடுப்பது மாநகராட்சிக்கு இயலாத காரியம் இல்லை. வாடகைதாரரின் பையிலிருந்து அந்த இழப்பை ஈடுகட்டுவதை விட அது நேர்மையானது.

நிவாரணத்திலும் வாடகைக் குடும்பம் கதவுக்கு வெளியே நிற்கிறது. மிக்ஜாமுக்குப் பின் அரசு அறிவித்த 6,000 ரூபாய் ரேஷன் கடைகள் வழியாகவே தரப்பட்டது. அட்டை இல்லாதவர்களும் அட்டை வேறு ஊரில் இருப்பவர்களும் தனியாக விண்ணப்பம் எழுதிக் காத்திருக்க வேண்டியிருந்தது. வீடு மாறும்போதெல்லாம் முகவரி மாற்றுவது எளிதில்லை; சில உரிமையாளர்கள் அதற்கு ஒப்பந்த நகல் கொடுக்கவே தயங்குகிறார்கள். ஒரே அறையில் சேர்ந்து தங்கும் வடமாநிலத் தொழிலாளர்களிடம் காட்டுவதற்கு ஒப்பந்தமே இருக்காது. எரிவாயு ரசீது, பள்ளி அடையாள அட்டை, வாடகை அனுப்பிய வங்கிப் பதிவு ஆகியவற்றில் எதையேனும் குடியிருப்புக்குச் சான்றாக ஏற்றுக்கொண்டால் இந்தக் காத்திருப்பு குறையும்.

காப்பீட்டைப் பொறுத்தவரை, 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொதுக் காப்பீட்டு நிறுவனங்களும் விற்க வேண்டிய 'பாரத் கிருஹ ரக்ஷா' திட்டம் வெள்ளச் சேதத்தையும் உள்ளடக்கியது. உரிமையாளர் கட்டடத்துக்கு எடுக்கும் காப்பீடு குடியிருப்பவரின் பிரிட்ஜையும் பீரோவையும் காக்காது. வீட்டுப் பொருள்களுக்கு மட்டும் வாடகைதாரர் தனியாக எடுத்துக்கொள்ள முடியும்; அது பலருக்கும் தெரியவில்லை.

மிச்சமிருப்பது ஒப்பந்தம். அது எழுத்தில் இருந்து, வாடகை அதிகாரியிடம் பதிவு செய்யப்பட்டிருந்தால்தான் மேலே சொன்ன உரிமைகளைத் தடையில்லாமல் கேட்க முடியும். பதினொரு மாதத்துக்கு ஒருமுறை பழைய வாசகத்தையே நகலெடுத்துக் கையெழுத்துப் போடும்போது, தாழ்வான பகுதியில் இருப்பவர்கள் நான்கு செய்திகளைக் கூடுதலாக எழுதிக்கொள்ளலாம். இதற்கு முன் அந்த வீட்டில் எந்த ஆண்டில் எவ்வளவு உயரம் நீர் நின்றது. வெள்ளம் புகுந்தால் சுவர், மின்கம்பி, மோட்டார், சம்ப் ஆகியவற்றை எத்தனை நாளுக்குள் உரிமையாளர் சரிசெய்வார். குடியிருக்க முடியாத நாட்களுக்கு வாடகை கிடையாது. வெள்ளத்தின் தடங்களுக்காக முன்பணத்தில் பிடித்தம் கிடையாது. முன்பணத்தைப் பொறுத்தவரை, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை மூன்று மாத வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது என்று 2017ஆம் ஆண்டுச் சட்டமே சொல்கிறது. பத்து மாத வாடகையை அட்வான்ஸாகக் கொடுத்துவிட்டு நிற்கிறவரால் முதல் மூன்று செய்திகளைக்கூடத் துணிந்து கேட்க முடியாது என்பதால், பேரத்தை அங்கிருந்து தொடங்குவதே சரி.